கடிகாரத்தோடு ஓடிய பாவோ நூர்மி

அலுவலகத்திலும் வகுப்பறையிலும் பகற்பொழுதைக் கழித்துவிட்டு, வைகறையிலும் அந்தியிலும் நீந்தியும், துவிச்சக்கர வண்டி செலுத்தியும், ஓடியும் உடலைப் பழக்குவோர் தொகை இக்காலத்தில் பெருகி வருகின்றது. இம்மூன்றையும் இடையீடின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டியைத் திரையத்லன் என்பர். இன்று நாம் காணும் வடிவில் அது 1974 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தொடங்கியது. 2000 ஆம் ஆண்டிற் சிட்னி ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றது. 1,500 மீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் வண்டியோட்டம், 10 கிலோமீற்றர் கால் ஓட்டம் என்பன அங்கே வகுத்த தூரங்கள். நீச்சலிலும் வண்டியிலும் ஆர்வ மிகுதியால் வலிமையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, இறுதியான பத்துக் கிலோமீற்றரில் நடைபிணமாவோரே புதியவருட் பலர்.

இத்துறையில் நாட்டங் கொண்ட இளையோர் எத்தகைய சப்பாத்து வாங்குவது, எதனை உண்பது, எந்த வண்டி உகந்தது என்றெல்லாம் வினவுகின்றனர். அவ்வினாக்கள் வேண்டாதன அல்ல. ஆயினும் அவற்றுக்கு முன்னே அவர்கள் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை ஒன்றுண்டு. அது பின்லாந்து நாட்டு ஓட்டவீரர் பாவோ நூர்மியின் வாழ்க்கை. அவர் 1973 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆந் திகதி மறைந்தார். அவர் மறைந்து ஓராண்டு நிறையுமுன்னரே சான் டியேகோவில் அந்த முதற்போட்டி நடந்தது. ஆகவே அவருக்கும் அதற்கும் நேரான உறவு ஏதுமில்லை. எனினும் நெடுந்தூரத்தை எவ்வாறு பங்கிட்டு ஓடுவது, மனத்தை எவ்வாறு அடக்கி வைப்பது என்பவற்றை அவரைப்போல் ஓடிக் காட்டியவர் அரியர் என்று நாம் கருதுகின்றோம்.

நூர்மி 1897 ஆம் ஆண்டு யூன் 13 ஆந் திகதி, பின்லாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள துர்க்கு நகரிற் பிறந்தார். தந்தையார் தச்சர். 1910 இல் தந்தையார் இறந்தபோது மைந்தருக்கு வயது பன்னிரண்டே. குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. சமையலறையை வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுத் தாயும் மக்களும் ஒற்றை அறையில் ஒடுங்கி வாழ்ந்தனர். படிப்பில் வல்லவராயிருந்தும் பாவோ பள்ளியை விட்டு நீங்கிப் பேக்கரி ஒன்றில் ஏவலாளராகச் சேர்ந்தார். பாரமேற்றிய தள்ளுவண்டியைத் துர்க்கு நகரின் செங்குத்தான மேடுகளில் ஏற்றுவது அவர் தொழில். தம் முதுகுக்கும் கால்களுக்கும் உரமூட்டியது அவ்வண்டியே என்று பிற்காலத்தில் அவர் நன்றியோடு கூறியதுண்டு. பயிற்சிக்கு நேரமில்லை என்று வருந்தும் தொழிலாளரும் எழுதுவினைஞரும் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

1912 ஆம் ஆண்டு ஸ்ரொக்கோம் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவிற் கோலேமைனென் என்னும் பின்லாந்து வீரர் மூன்று தங்கப் பதக்கங்களை ஈட்டினார். பின்லாந்து அப்போது இரசியப் பேரரசின் கீழ் இருந்தது. அடிமை நாட்டின் மைந்தன் ஒருவன் உலகை வென்றான் என்ற செய்தி பதினைந்து வயதுச் சிறுவனின் உள்ளத்தில் தீயை மூட்டியது. சில நாட்களுள் அவன் தன் முதற் சோடி ஓட்டச் சப்பாத்தை வாங்கினான். 1919 இற் படைச்சேவைக்குச் சென்றபோது, ஏனையோர் அணிவகுத்து நடந்த தூரம் முழுவதையும் தோளில் துவக்கோடும் முதுகில் மணல் நிறைந்த பையோடும் ஓடியே கடந்தார். உடன் இருந்தோர் அவரை விசித்திரமாகப் பார்த்தனர். அவரோ ஒருவரோடும் மிகுதியாகப் பேசியதில்லை. இறுதிவரை அவ்வியல்பு மாறவுமில்லை.

1920 ஆம் ஆண்டு அன்ட்வேர்ப் நகரில் அவர் முதன்முதலாக ஒலிம்பிக்கில் ஓடினார். 5,000 மீற்றர் ஓட்டத்தில் முன்னே பாய்ந்து வேகத்தைச் செலவிட்ட நூர்மியை, இறுதிச் சுற்றிற் கீய்மோ என்னும் பிரான்சியர் முந்திச் சென்றார். வெள்ளிப் பதக்கமே கிட்டியது. அத்தோல்வியை வேறொருவராயின் கால்வலி மீதோ காற்றின் மீதோ ஏற்றியிருப்பர். நூர்மி கணக்கிற் பிழை கண்டார். சில நாட்களின் பின் அதே கீய்மோவை 10,000 மீற்றரில் வென்றார். நாட்டுப்புற ஓட்டத்திலும் தனியாகவும் குழுவாகவும் தங்கம் பெற்றார். அதன் பின்னர் நிறுத்துக் கடிகாரம் ஒன்றைக் கையிலேந்தி ஓடத் தொடங்கினார்.

அக்கடிகாரத்தை அக்காலத்துப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. ஓடுவது மனிதனா இயந்திரமா என்று கேட்டன. அதன் பொருளை அவர்கள் அறிந்திலர். தொடக்கத்தில் வேகமாயோடி இறுதியிற் சோர்பவன், தன் உடலிடம் வட்டிக்குக் கடன் வாங்குகிறான் என்க. தசைகளில் மூச்சுக்காற்று எட்டாத வேகத்தில் உழைக்கும்போது களைப்பு விரைந்து திரள்கின்றது. பின்னர் வேகத்தைக் குறைத்தாலும் அது எளிதில் நீங்குவதில்லை. ஆதலின் முதற் சுற்றும் இறுதிச் சுற்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியுமாறு ஓடுவதே சிக்கனம். இந்நாளில் உடலியல் ஆய்வாளர் கருவிகளால் அளந்து கூறும் இவ்வுண்மையை நூர்மி தம் உள்ளங்கையிலிருந்த கடிகாரத்தால் அறிந்தார். 1924 யூன் மாதத்தில் அவர் 5,000 மீற்றரை 14 நிமிடம் 28.2 செக்கனில் ஓடி உலக சாதனை நிறுவினார். ஒவ்வொரு 400 மீற்றருக்கும் சராசரி 69½ செக்கன் ஆகின்றது. அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியிற் குவோப்பியோ நகரில் 10,000 மீற்றரை 30 நிமிடம் 6.2 செக்கனில் முடித்தார். 400 மீற்றருக்கு 72 செக்கனுக்குச் சற்று மேல். அச்சாதனையை முறியடிக்க உலகுக்கு ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அவரது பயிற்சி முறையையும் ஈண்டுச் சொல்ல வேண்டும். 1924 ஆம் ஆண்டளவில் அவர் காலையிற் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் நடப்பார். இடையிடையே சிறு விரைவோட்டங்கள். ஓய்வின் பின் களத்தில் எண்பது முதல் நூற்றிருபது மீற்றர் வரையான விரைவோட்டங்கள் நாலைந்து; பின்னர் 400 முதல் 1,000 மீற்றர் வரை கடிகாரம் வைத்து ஓர் ஓட்டம்; அதன்மேல் மூவாயிரம் நாலாயிரம் மீற்றர், இறுதிச் சுற்று மிக விரைவாக. மாலையில் மீண்டும் நாலாயிரம் முதல் ஏழாயிரம் மீற்றர் வரை. இளமையில் தாம் வேகமின்றி நெடுந்தூரம் நடந்தே காலங் கழித்தமை குறைபாடு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மெதுவான உழைப்பும் விரைவான உழைப்பும் கலந்திருக்க வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு. ஊதியத்துக்கு உழைத்துவிட்டு எஞ்சிய பொழுதிற் பயில்வோர் இவ்வளவையும் அப்படியே மேற்கொள்ள முனைவாராயின் ஒரு மாதத்திற் படுக்கையில் விழுவர். கலப்பின் விகிதத்தை மட்டும் அவர்கள் கற்றுக்கொண்டாற் போதும்.

இனிப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வருவோம். 1924 யூலை 10 ஆந் திகதி 1,500 மீற்றர் இறுதியோட்டத்தையும் 5,000 மீற்றர் இறுதியோட்டத்தையும் ஒரு மணித்தியாலத்துக்குட்பட்ட இடைவெளியில் அமைத்திருந்தனர். முதலில் அரை மணித்தியாலமே குறித்திருந்தனர். பின்லாந்தினர் முறையிட்டதன் பயனாகவே அது ஐம்பத்தைந்து நிமிடமாயிற்று. நூர்மி சினக்கவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்னரே ஹெல்சிங்கியில் இவ்விரு தூரங்களையும் அதே போன்ற இடைவெளியில் ஓடிப் பார்த்தார். இரண்டிலும் உலக சாதனை கிட்டியது. மேலே கூறிய 14 நிமிடம் 28.2 செக்கன் அன்று இரண்டாவதாக ஓடியதே. பரீட்சைக்கு முன் அதே நேர அட்டவணையில் வீட்டிலிருந்து எழுதிப் பழகும் மாணவனைப் போன்றது இச்செயல். திரையத்லன் பயில்வோர் வண்டியிலிருந்து இறங்கிய கையோடு ஓடிப் பழகுவதும் இதனைச் சார்ந்ததே.

பாரிசில் 1,500 மீற்றரை எளிதாக வென்று, சற்றே இளைப்பாறி 5,000 மீற்றருக்கு வந்தார். அவர் களைத்திருப்பார் என எண்ணிய சுவீடன் வீரர் வீடேயும், நூர்மியின் நாட்டவராகிய ரித்தோலாவும் தொடக்கத்திலேயே உலக சாதனை வேகத்திற் பாய்ந்தனர். அந்நிலையில் நூர்மி செய்தது நோக்கற்பாலது. தம் கடிகாரத்தைப் புல்லின்மீது எறிந்துவிட்டார். இப்போது தாம் ஓடுவது காலத்தோடு அன்று, மனிதரோடு என்பதை உணர்ந்தமையே காரணம். இறுதியில் ரித்தோலாவை ஒரு மீற்றர் தூரத்தில் வைத்து வென்றார். கணக்கைக் கற்றவன் அதனைக் கைவிடும் தருணத்தையும் அறிந்திருந்தான்.

இரண்டு நாட்களின் பின் நாட்டுப்புற ஓட்டம். வெப்பம் நாற்பது பாகை சென்ரிகிரேட்டைக் கடந்தது. புறப்பட்டோர் 38 பேர். முடித்தோர் 15 பேர் மாத்திரமே. வீரர் பலர் மயங்கி வீழ்ந்து தூக்குகட்டிலிற் கொண்டு செல்லப்பட்டனர். அவ்வாண்டுடன் இவ்வோட்டமே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. நூர்மி ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் முதலாவதாக வந்தார். மறுநாள் 3,000 மீற்றர் குழு ஓட்டத்திலும் ஓடி வென்றார். அவ்விழாவில் அவர் பெற்ற தங்கம் ஐந்து. வெப்பத்தை மனவலிமையால் வென்றார் என்று பலர் எழுதினர். நாம் அதனை முற்றாக ஏற்கமாட்டோம். வீழ்ந்தவர்களுக்கு மனவலிமை இல்லாமற் போகவில்லை. வெயிலிலும் அளவறிந்து ஓடியமையே அவரைக் காத்தது. நம் நாட்டு வெயிலில் நண்பகலிற் பயில்வதை வீரமெனக் கருதும் இளைஞர் இதனை மறத்தலாகாது. உச்சிவெயிலில் உடல் சூடேறி உயிருக்கே இடர் நேர்வதுண்டு.

1925 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஐந்து மாதங்களுள் 55 போட்டிகளில் ஓடி 51 இல் வென்றார். 1928 இல் அம்ஸ்ரர்டாமில் 10,000 மீற்றரில் தங்கமும் வேறிரண்டு ஓட்டங்களில் வெள்ளியும் பெற்றார். அங்கே தடைதாண்டி ஓட்டத்தின் முதற் சுற்றில் நீர்க்குழியில் தவறி வீழ்ந்த அவரைப் பிரான்சியரான டியூக்கேன் நின்று தூக்கிவிட்டார். கல்நெஞ்சர் எனப் பெயர்பெற்ற நூர்மி, அதன்பின் அவரைத் தம்மோடு கூட்டிச் சென்று ஏனையோரை முந்தி, வெற்றிக்கோட்டில் அவரே முதலாவதாகச் செல்லுமாறு வழிவிட்டார். அவரோ அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரிற் பெர்லினில் ஒரு மணித்தியாலத்தில் 19,210 மீற்றர் ஓடினார். ஒலிம்பிக்கில் மொத்தம் ஒன்பது தங்கம், மூன்று வெள்ளி; உலக சாதனைகள் இருபத்திரண்டு.

மரதன் ஓட்டம் ஒன்றே எஞ்சியிருந்தது. 1932 இல் லொஸ் ஏஞ்சலிசில் அதனையும் வென்று, தம்மைத் தூண்டிய கோலேமைனெனின் அடியொற்றி விடைபெற அவர் விழைந்தார். 1920 இல் மரதனை வென்றவர் அவரே. அப்போதுதான் இடி வீழ்ந்தது. அமெச்சூர் வீரர், அஃதாவது பொருள் கருதாது ஓடுபவர், மட்டுமே ஒலிம்பிக்கில் இடம் பெறலாம் என்பது அக்கால விதி. செர்மனியில் ஓடியபோது பயணச் செலவென்ற பெயரால் மிகுபணம் பெற்றார் எனக் குற்றஞ்சாட்டி, சுவீடன் நாட்டவரான எட்ஸ்ட்ரோம் தலைமை தாங்கிய சர்வதேச மெய்வல்லுநர் சங்கம் ஏப்பிரில் மாதத்தில் அவரை இடைநிறுத்தியது. நூர்மி பயிற்சியை நிறுத்தவில்லை. யூன் மாதத்தில் வீப்புரி நகரில் 40.2 கிலோமீற்றர் ஓட்டத்தில் இரண்டாமவருக்கு ஆறு நிமிடம் முன்னதாக வந்தார். குதிகால் நரம்பு நோவோடு லொஸ் ஏஞ்சலிஸ் சென்றும் அங்கே பயின்றார். விழா தொடங்குவதற்குச் சற்று முன்னர் அவர் ஓடலாகாதென இறுதித் தீர்ப்பு வந்தது. ஆர்ஜென்ரீனா வீரர் சபாலா மரதனை வெல்ல, நூர்மி பார்வையாளராயிருந்தார்.

அவர் பணம் பெற்றாரா? பெற்றிருக்கலாம் என்றே நமக்குப் படுகின்றது. வறுமையில் வளர்ந்தவர், பணத்தின் அருமையை அறிந்தவர். ஆயின் அவர் பெயரால் அரங்குகளை நிரப்பி வருவாய் ஈட்டியவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. வசதி படைத்தோர் வகுத்த விதி, பேக்கரி வண்டி தள்ளியவரைச் சுட்டது. பின்லாந்து மக்கள் தம் நாட்டளவில் அவரை அமெச்சூராகவே ஏற்றனர். 1934 செப்டெம்பரில் வீப்புரியில் 10,000 மீற்றரை வென்று அவர் ஓட்டத்தைத் துறந்தார். பன்னாட்டு அரங்கில் 10,000 மீற்றரில் அவரை வென்றவர் எவருமிலர்.

பின்னர் ஹெல்சிங்கியில் ஆடவர் உடைக்கடை திறந்தார். தொடர்மாடி வீடுகள் கட்டிச் செல்வரானார். 1940 இற் போரினால் நலிந்த தம் நாட்டுக்கு உதவி திரட்ட அமெரிக்கா சென்றார். 1952 யூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் தொடக்க விழாவில், மழை நனைத்த களத்துள் சுடரேந்தி ஓடி வருபவர் யார் என்பது முன்னரே அறிவிக்கப்படவில்லை. ஐம்பத்தைந்து வயது நூர்மியின் நெடிய காலடியைக் கண்டதும் அரங்கமே ஆர்ப்பரித்தது. அப்போது சர்வதேச ஒலிம்பிக் சபையின் தலைவராயிருந்தவர் அதே எட்ஸ்ட்ரோம். களத்திலுள்ள தீக்கொப்பரையை நூர்மி ஏற்ற, கோபுரத்தின் உச்சியிலுள்ளதை முதியவரான கோலேமைனென் ஏற்றினார்.

முதுமையில் இதயநோய் அவரைப் பற்றியது. 1968 இல் தம் செல்வத்தைக் கொண்டு இதயநோய் ஆராய்ச்சிக்கு ஒரு நிதியத்தை நிறுவினார். தம் ஓட்டங்களைப் பற்றி எவரேனும் புகழ்ந்தாற் பேச்சை மாற்றிவிடுவார். அரச மரியாதையுடன் ஹெல்சிங்கியில் இறுதிக்கிரியை நடந்த பின்னர், துர்க்கு நகரிலே அவரை அடக்கஞ் செய்தனர்.