தனித்து நின்ற ஸ்பர்ஜன்

சார்ள்ஸ் ஸ்பர்ஜனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய குரல்வளத்தையும், அவருடைய பிரசங்கத்தைக் கேட்கத் திரண்ட பெருங்கூட்டத்தையும் வியந்து பேசி அமைந்துவிடுவர். எனக்கோ, அவர் தம் வாழ்நாளின் இறுதி ஐந்தாண்டுகளிற் செய்த காரியமே பெரிதாகத் தோன்றுகின்றது. கூட்டம் சேர்ப்பது அவருக்கு எளிது. கூட்டத்தைப் பிரிந்து நிற்பது எளிதாயிருந்திருக்க முடியாது.

இங்கிலாந்தின் எசெக்ஸ் மாகாணத்திலே, கெல்வடன் என்னும் சிற்றூரில் 1834 ஆம் ஆண்டு யூன் 19 ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையாரும் பாட்டனாரும் போதகர்கள். இளமையிற் சில ஆண்டுகள் பாட்டனாரின் இல்லத்தில் வளர்ந்த காலத்தே, அங்கிருந்த பழைய பியூரிட்டன் நூல்களோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. அந்த உறவு கடைசிவரை அறவேயில்லை. 1850 சனவரியில், பனி கொட்டிய ஒரு ஞாயிறன்று கொல்செஸ்டர் நகரிலே சிறியதொரு மெதடிஸ்த ஆலயத்தில் ஒதுங்கினார். அங்கே பிரசங்கித்தவர் கல்வியிற் சிறந்தவரல்லர். எனினும் அன்றே சிறுவனின் மனம் மாறிற்று. அவ்வாண்டு மே மாதம் லார்க் ஆற்றிலே முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுப் பப்திஸ்த சபையினரானார்.

பத்தொன்பது வயதில், 1854 இல், இலண்டன் நியூ பார்க் வீதி ஆலயத்தின் போதகராகப் பொறுப்பேற்றார். 1,200 பேர் இருக்கக்கூடிய அவ்வாலயத்துக்கு அப்பொழுது வந்துகொண்டிருந்தோர் ஏறத்தாழ இருநூறு பேரே. சில மாதங்களுள் அங்கே நிற்கவும் இடமில்லாது போயிற்று. ஆகவே சரே தோட்டத்து இசை மண்டபத்தை வாடகைக்கு எடுத்தனர். களியாட்டத்துக்குக் கட்டிய மண்டபத்தில் இறைவழிபாடா என்று பலர் முகஞ்சுளித்தனர். 1856 ஒக்டோபர் 19 ஆந் திகதி முதற்கூட்டத்தில் எவரோ தீ எனக் கூச்சலிட, நெரிசலில் ஏழு பேர் மாண்டனர். இருபத்திரண்டு வயது இளைஞரான ஸ்பர்ஜன் மனமுடைந்து, சில நாட்கள் பித்துற்றவர் போலிருந்தார். ஆயினும் மீண்டு வந்து அதே மண்டபத்தில் மூன்று ஆண்டுகள் பிரசங்கித்தார். மண்டபத்தார் ஞாயிறு மாலைகளில் களியாட்டம் நடத்தத் துணிந்தபோதுதான், 1859 இறுதியில், அதனை விட்டு வெளியேறினார். பிற்காலத்து அவருடைய போராட்டத்தின் வித்து இங்கேயே கிடந்ததென்பது என் துணிபு. இடம் எதுவாயினும் அவருக்குக் கவலையில்லை. அங்கே நிகழ்வது யாது என்பதே அவர் கேட்ட கேள்வி.

1861 இல் எழுந்த மெற்றொபொலிற்றன் ராபர்னக்கிள் என்னும் பேராலயம் ஏறத்தாழ ஆறாயிரம் பேரைக் கொண்டது. அவர் காலத்திலே அங்கு ஓகன் வாத்தியம் இல்லை. சபையார் மனிதக் குரலால் மட்டுமே பாடினர். போதகர் பயிற்சிக் கல்லூரி, அநாதைச் சிறார் இல்லம் என்பனவும் அவர் நிறுவியவையே. வாராவாரம் அச்சேறிய பிரசங்கங்கள் அவர் மறைந்தபின்னும் 1917 வரை வெளிவந்தன.

இதனிடையே காலம் மாறிக்கொண்டிருந்தது. 1859 இல் டார்வினின் நூல் வெளிவந்தது. வேதாகமத்தை ஏனைய பழநூல்களைப் போலவே ஆராயும் முறை ஜேர்மனியிலிருந்து பரவிற்று. நேர்மையான அறிஞர் பலர் அதில் ஈடுபட்டனர் என்பதை மறுத்தல் நியாயமன்று. ஆனால் சில போதகர்கள் கிறிஸ்துவின் பதிலீட்டுப் பலியையும், நித்திய ஆக்கினையையும், வேதத்தின் முழு அதிகாரத்தையும் மெல்ல நழுவவிட்டனர். நழுவவிட்டதை வெளிப்படச் சொல்லவுமில்லை. செபக்கூட்டங்கள் நலிந்தன. ஆலயங்களிற் கேளிக்கைகள் புகுந்தன. நம்பிக்கை தளர்வதும் வழிபாடு கேளிக்கையாவதும் ஒரே நோயின் இரு குறிகள் என ஸ்பர்ஜன் கண்டார்.

தாம் நடத்திய மாத இதழில், 1887 மார்ச்சிலும் ஏப்பிரலிலும் பிறரொருவர் எழுதிய இரு கட்டுரைகளை வெளியிட்டார். திருச்சபை மலைச்சரிவில் இறங்கும் வண்டியைப் போலச் செல்கிறதென்பது அவற்றின் கருத்து. ஓகஸ்டில் தாமே பேனாவை எடுத்தார். பப்திஸ்த ஒன்றியத்தார் செவிசாய்க்கவில்லை. ஒக்டோபர் 28 ஆந் திகதி அவர் ஒன்றியத்தினின்றும் விலகினார். மறு ஆண்டு சனவரியில் ஒன்றியத்தின் குழு, பெயர் கூறாமற் பழி சுமத்தினார் என்று அவரைக் கண்டித்தது.

இக்குற்றச்சாட்டை நான் ஏற்பதற்கில்லை. புதுக்கொள்கையாரைப் பற்றிய கவலையை ஒன்றியத்தின் செயலாளரே முன்னர் அவரோடு பகிர்ந்திருந்தார். அக்கடிதங்களை வெளியிட வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டார். ஸ்பர்ஜன் வாய் திறக்கவில்லை. மேலும், பெயர்களைச் சொல்லியிருந்தாலுந்தான் யாது பயன்? முழுக்கு ஞானஸ்நானத்தைத் தவிர வேறு எந்த விசுவாசப் பிரமாணமும் அந்த ஒன்றியத்துக்கு இருக்கவில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் எதனைக் கொண்டு அளப்பது? ஒரு பிரமாணம் வேண்டுமென்பதே அவர் கேட்டது. எனினும் ஒன்று சொல்லவேண்டும்: ஓர் ஐயத்தோடு போராடுவோரையும் அனைத்தையும் கைவிட்டோரையும் அவர் எப்பொழுதும் வேறுபிரித்துப் பார்த்தாரில்லை. அவருடைய எழுத்தின் கடுமையால் நல்லோர் சிலரும் புண்பட்டனர்.

1888 ஏப்பிரலிலே ஒன்றியத்தின் பேரவை, இரு சாராரும் தத்தமக்கு ஏற்றவாறு பொருள்கொள்ளக்கூடிய ஓர் அறிக்கையை நிறைவேற்றிற்று. ஏறத்தாழ ஈராயிரம் பேர் ஆதரிக்க, எதிர்த்தோர் எழுவரே. அறிக்கையை வழிமொழிந்தவர் ஸ்பர்ஜனின் சொந்தத் தம்பியும் துணைப் போதகருமான ஜேம்ஸ். சமாதானம் பிறந்துவிட்டதென்று தம்பி மகிழ்ந்தார்; தமையனுக்கு அது வெற்றியாகத் தோன்றவில்லை. தம் கல்லூரியிற் பயின்றோரிலும் சிலர் மாறுபட்டனர். அக்கழகத்தைக் கலைத்து, கொள்கை வரையறையோடு புதிதாக அமைத்தார்.

நெடுநாள் வாதநோயோடு சிறுநீரக நோயும் சேர்ந்து அவரை வாட்டிற்று. 1891 யூன் 7 ஆந் திகதி தம் ஆலயத்தில் இறுதியாகப் பிரசங்கித்தார். 1892 சனவரி 31 ஆந் திகதி, தென்பிரான்சின் மென்றன் நகரில், தமது ஐம்பத்தேழாவது வயதிலே காலமானார். உடல் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு நோர்வூட் கல்லறையில் அடக்கஞ் செய்யப்பட்டது. அவருடைய ஆலயம் 1955 இல் ஒன்றியத்தோடு மீண்டும் சேர்ந்தது. 1971 இல் மறுபடியும் விலகிற்று.