வானத்துக்கு ‘பிளாக் லிஸ்ட்’ போட்டவர்: யார் இந்த சார்ல் மெஸ்ஸியே?

மாதாமாதம் அமாவாசை நெருங்கினால் போதும், டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே கிளம்பும் அமெச்சூர் வானியல் ஆர்வலர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எம்13, எம்31, எம்42 என்று அவர்கள் பேசுவதைக் கேட்டால் பஸ் ரூட் நம்பர் மாதிரியே இருக்கும். அந்த ‘எம்’ ஒருவருடைய இனிஷியல். மெஸ்ஸி இல்லைங்க, மெஸ்ஸியே!

வேடிக்கை என்னவென்றால், இவற்றை யாரும் பார்த்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்றுதான் அவர் அந்த லிஸ்ட்டையே போட்டார்.

ஆறு வால் அதிசயம்

இன்றைய பிரான்ஸின் கிழக்கில் உள்ள பதோன்விலே என்ற ஊரில் 1730-ல் பிறந்தவர் சார்ல் மெஸ்ஸியே. 12 பிள்ளைகளில் 10-வது. சிறுவயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 1744-ல் விசிறி விரித்ததுபோல ஆறு வால்களோடு ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தபோது அவருக்கு 13 வயது. அந்த ஆர்வம் கடைசிவரை விடவில்லை.

21 வயதில் பாரிஸுக்கு வந்தார். பெரிய படிப்பெல்லாம் இல்லை. கையெழுத்து அழகாக இருக்கும், படம் வரையத் தெரியும். அதை வைத்தே கடற்படை வானியலாளர் தெலிலிடம் வேலை கிடைத்தது.

பாஸ் போட்ட கணக்கு

ஹாலி வால்நட்சத்திரம் 1758-ஐ ஒட்டித் திரும்பி வரும் என்பது கணிப்பு. எங்கே தேட வேண்டும் என்று தெலில் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். மெஸ்ஸியே மாதக்கணக்கில் தேடினார். சிக்கல், வரைபடமே தப்பு. 1758 கிறிஸ்துமஸ் இரவில் ஜெர்மனியில் அதை முதலில் பார்த்தவர் பாலிட்ச் என்ற விவசாயி, அதாவது ஓர் அமெச்சூர்!

மெஸ்ஸியே தன் முயற்சியில் 1759 ஜனவரியில் அதைப் பிடித்தார். ஆனால், ஏப்ரல் வரை வெளியே சொல்ல பாஸ் விடவில்லை. ஆபீஸ் அரசியல் அப்போதே இருந்திருக்கிறது.

லிஸ்ட் எதற்கு?

சூரியனுக்குத் தொலைவில் இருக்கும்போது வால்நட்சத்திரத்துக்கு வால் தெரியாது. சின்ன டெலஸ்கோப்பில் மங்கலான புகைத் திட்டு மாதிரிதான் இருக்கும். அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறினால் அது வால்நட்சத்திரம்.

1758-ல் ரிஷப ராசிப் பக்கம் மெஸ்ஸியே பார்த்த திட்டு நகரவே இல்லை. அதுதான் எம்1, 1054-ல் வெடித்துத் தெரிந்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். இப்படி ஏமாற்றும் திட்டுகளைக் குறித்துவைக்க ஆரம்பித்தார். 1774-ல் வெளியான முதல் பட்டியலில் 45. அதில் 45-வது நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். அதைப் போய் யார் வால்நட்சத்திரம் என்று நினைப்பார்கள் என்று கேட்காதீர்கள், இன்றும் யூகங்கள்தான்.

1781-ல் பட்டியல் 103 ஆனது. அவரும் நண்பர் மெஷானும் விட்டுப்போன குறிப்புகளைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் சேர்த்ததில் இன்று 110.

அதே ஆண்டு ஒரு பனிக்கட்டிக் கிடங்கின் பள்ளத்தில் விழுந்து கை, தொடை, விலா எலும்புகளை உடைத்துக்கொண்டார். தேறி வர ஓராண்டு ஆனது. வந்ததும் மறுபடி டெலஸ்கோப்தான்.

புரட்சிக் காலம்

பிரெஞ்சுப் புரட்சியில் சம்பளம் போனது. 1793-ல் அவர் கண்டுபிடித்த வால்நட்சத்திரத்தின் பாதையை, நண்பர் போஷார் தெ சரோன் சிறையில் இருந்தபடியே கணித்துக் கொடுத்தார். கணக்கு சரியாக இருந்தது. 1794 ஏப்ரலில் சரோனைக் கில்லட்டினில் கொன்றார்கள்.

மெஸ்ஸியே 1817-ல், 86 வயதில் இறந்தார். உயிரைக் கொடுத்துத் தேடிய வால்நட்சத்திரங்களில் ஒன்றின் பெயராவது நமக்குத் தெரியுமா? 1770-ல் அவர் கண்டுபிடித்த ஒன்றுக்குக்கூட, பாதையைக் கணித்த லெக்செலின் பெயர்தான் நிலைத்தது. ஒதுக்கிவைத்த லிஸ்ட்தான் அவர் பெயரைக் காப்பாற்றியது. எம்31 இன்னொரு கேலக்ஸி என்று உறுதியானதே 1920-களில்தான். இப்போது மார்ச் மாத அமாவாசையை ஒட்டி, ஒரே இரவில் மொத்த லிஸ்ட்டையும் பார்த்துவிடும் ‘மெஸ்ஸியே மாரத்தான்’ வேறு நடக்கிறது.

ஜனவரி இரவில் ஓரியன் கூட்டத்தின் இடுப்பில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாகத் தெரியும். அங்கிருந்து தொங்கும் வாள் பகுதியை பைனாகுலரில் பாருங்கள். புகை மாதிரி தெரிவது எம்42. வால்நட்சத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷன் அன்றே எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்.