நன்மரணத்தின் தோழர் புனித கமில்லஸ்

சாவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நாம் உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறோம். ஆனால் சாகும் தறுவாயில் கிடப்போரின் கட்டிலருகே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மண்டியிட்டுச் செபித்த ஒருவர் இத்தாலி நாட்டில் வாழ்ந்தார். அவரே புனித கமில்லஸ் தெ லெல்லிஸ்.

1550ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் நேப்பிள்ஸ் அரசைச் சேர்ந்த புக்கியானிக்கோ என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். தந்தை ஒரு படைவீரர். மகனும் துருக்கியரை எதிர்த்துப் போரிட வெனிஸ் நாட்டுப் படையில் சேர்ந்தார். ஆறரை அடி உயரம், முன்கோபம், சூதாட்ட வெறி! இவரா புனிதர் ஆகப்போகிறார் என்று கண்டவர்கள் சிரித்திருப்பார்கள். காலில் வந்த புண்ணுக்கு மருத்துவம் பார்க்க உரோமை நகரிலுள்ள புனித யாகப்பர் மருத்துவமனைக்கு வந்தவர், அங்கேயே ஏவலாளாகவும் அமர்ந்தார். ஆனால் சீட்டாட்டமும் சண்டையும் ஓயாததால் விரட்டப்பட்டார். 1574இல் நேப்பிள்ஸ் நகரில் போட்டிருந்த சட்டையைக்கூடச் சூதில் தோற்றார் என்பார்கள்.

வயிற்றுப்பாட்டுக்காக, கப்புச்சின் துறவிகள் கட்டிக்கொண்டிருந்த மடத்தில் கூலிவேலை செய்தார். அங்கே ஒரு துறவி சொன்ன புத்திமதி அவருடைய நெஞ்சைத் தைத்தது. 1575 பிப்ரவரி 2ஆம் நாள் வழியிலேயே முழந்தாளிட்டுத் தம் பாவங்களுக்காக அழுதார். கப்புச்சின் சபையில் சேர்ந்தும், கால்புண் மீண்டும் மீண்டும் வெடித்ததால் நிலைக்க முடியவில்லை. அந்தப் புண் அவர் சாகும்வரை ஆறவேயில்லை.

ஆகவே முன்பு விரட்டிய மருத்துவமனைக்கே திரும்பினார். இப்போது அவருடைய கண்கள் வேறு விதமாகப் பார்த்தன. கூலிக்கு வேலை செய்தவர்கள் நோயாளிகளைச் சுமையாக நினைத்தார்கள். செபம் சொல்லவோ கையைப் பிடிக்கவோ ஆளின்றிப் பலர் உயிர்விட்டார்கள். பணத்துக்காக அல்லாமல் அன்புக்காகப் பணிபுரியும் ஒரு கூட்டம் வேண்டும் என்று 1582இல் அவருக்குத் தோன்றியது. குருவாவதற்காக முப்பத்திரண்டு வயதில் சிறு பையன்களோடு உட்கார்ந்து இலத்தீன் படித்தார். (தேர்வு என்றாலே நடுங்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்!) 1584இல் குருப்பட்டம் பெற்றார். 1586இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் அவருடைய குழுவுக்கு அனுமதி தந்து, அங்கியில் சிவப்புச் சிலுவை அணியவும் இசைந்தார். கொள்ளைநோய் கண்டவர்க்கும் உயிரைப் பாராமல் பணிசெய்வது அவர்களுடைய நான்காம் வார்த்தைப்பாடு. நேப்பிள்ஸ் துறைமுகத்தில் அனுமதி மறுக்கப்பட்ட நோய்க் கப்பல்களில் ஏறிப் பணிபுரிந்து, சபையினர் இருவர் மாண்டனர். 1598இல் தைபர் நதி பெருக்கெடுத்தபோது கமில்லஸ் நோயாளிகளைத் தம் தோளில் சுமந்து மேல்மாடிக்குக் கொண்டு சேர்த்தார்.

ஆயினும் எல்லாவற்றிலும் நம்மை அதிகம் தொட்டது, அவர் மரண நேரத்தில் காட்டிய கவனம்தான். மருத்துவமனையில் மட்டுமின்றி வீடுகளுக்கும் அவர்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் சென்றார்கள். மக்கள் அவர்களை நன்மரணத்தின் தந்தையர் என்றே அழைத்தனர். நோயாளி உலகக் காரியங்களை முதலில் தீர்த்து, பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, அமைதியாக இருக்கும்படி உதவினார்கள். கதறி அழும் உறவினர் நோயாளியைக் கலங்கச் செய்யாதபடி கமில்லஸ் பார்த்துக்கொண்டார். இது கல்நெஞ்சம் அல்லவா என்று நமக்கு முதலில் தோன்றியது. ஆனால் புறப்படுகிறவருக்கு நம் கதறலைவிட நம் செபம் துணை என்பதையல்லவா அவர் உறவினருக்குக் கற்றுக்கொடுத்தார்! அழுகையை அவர் தடுக்கவில்லை. கட்டிலைவிட்டுச் சற்று விலகி அழச் செய்தார்.

இன்னொன்று. இறந்துவிட்டார் என்று அவசரமாக முடிவுசெய்து, உயிர் போகுமுன்பே சிலரைப் புதைத்துவிட்டதை அவர் அறிந்தார். எனவே மூச்சு நின்றதாகத் தோன்றிய பிறகும் கால் மணி நேரமாவது முகத்தை மூடாமல் செபத்தைத் தொடர வேண்டும் என்று கட்டளையிட்டார். எல்லாரும் கைவிட்ட பிறகும் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட அந்தக் கால் மணி நேரம் எத்தனை பெரியது!

1614 ஜூலை 14ஆம் நாள் உரோமையில் அவருடைய முறை வந்தது. பிறருக்காக அவர் எத்தனையோ முறை சொன்ன மரணத் தறுவாய்ச் செபத்தைச் சபையினர் அவருக்காகச் சொன்னார்கள். கிறிஸ்துவின் திருமுகம் இனிமையோடும் மகிழ்ச்சியோடும் அவருக்குத் தோன்றும்படி வேண்டும் இடத்தை அவர்கள் அடைந்தபோது கமில்லஸின் உயிர் பிரிந்தது.