ஒரு அணா டிபன்



மலருக்கு ஒரு பெரியவரோட வாழ்க்கையை எழுதித் தரணும்னு கூட்டமைப்பில் கேட்டாங்க. நான் எடுத்துக்கொண்டது சர் பிட்டி தியாகராயர். யாரு இவருன்னு சிலர் கேட்கலாம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது தி.நகர், தி.நகர்னு சொல்றோமே, அந்த ‘தி’ இவர்தான். தியாகராய நகர். பாண்டி பஜார்னு நாம சொல்ற ரோட்டுக்கும் இவர் பெயரைத்தான் வச்சிருக்காங்க. கூட்டத்துல பையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற அவசரத்துல யாரு பெயர்னு நாம பார்க்கிறதில்லை.

இவரை நான் எடுக்க வேறு காரணம் இருக்கு. நம்ம குழு அக்கா தங்கச்சிங்க எத்தனை பேர் விடியறதுக்கு முன்னாடி எழுந்து பள்ளிக்கூடத்துல காலை உணவு சமைக்கப் போறாங்க! எங்க குழுவிலேயே மூணு பேர் போறாங்க. அந்த அடுப்பு முதன்முதலா எங்கே, யாரால பத்த வச்சதுன்னு தேடிப் படிச்சா அது இவர்கிட்ட போய் நிற்குது.

தியாகராயர் 1852-ஆம் வருடம் ஏப்ரல் 27-ஆம் தேதி பிறந்தவர். நெசவுத் தொழில் செய்யும் தேவாங்கர் குலம், வசதியான குடும்பம். வட சென்னைக்காரர். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். அந்தக் காலத்துல பி.ஏ. படிச்சவங்க பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனாங்க. இவர் தொழிலுக்குத் திரும்பி வந்தார். சொந்தமா நெசவுக்கூடம் வைத்து நடத்தினார். நாடாவைக் கையால அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளித்தான் அப்போ நெய்வாங்க. கயிற்றை இழுத்தா நாடா தானா ஓடுற புதுத் தறி வந்தபோது, பயப்படாமல் அதைத் தன் கூடத்தில் போட்டுப் பார்த்தவர்களில் இவரும் ஒருத்தர். தறி வீட்டுல பிறந்தவங்களுக்கு இதோட அருமை தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை முழம் கூடுதலா இறங்கும்கிறது சோத்துக் கணக்கு.

எப்போதும் வெள்ளை உடைதான். அதனால வெள்ளுடை வேந்தர்னு பெயர் வந்தது.

1882-இல் சென்னை மாநகராட்சிக்குள் உறுப்பினரா போனவர், நாற்பது வருஷம் போல அங்கேயே உழைத்தார். நம்ம குழுவுல ஊக்குநர் பொறுப்பை ரெண்டு வருஷம் பார்க்கிறதுக்குள்ளயே போதும் போதும்னு ஆயிடுது. நாற்பது வருஷம் ரோடு, சாக்கடை, தண்ணீர், பள்ளிக்கூடம்னு உட்கார்ந்து பேசணும்னா அதுக்கு ஒரு பொறுமை வேணும்.

இடையில் அரசியலும் இருந்தது. பிராமணர் அல்லாத மக்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு வேணும்னு 1916-இல் டி.எம்.நாயர், நடேச முதலியார் இவர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுதான் பிறகு நீதிக்கட்சி ஆனது. 1920 தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்தது. முதல் மந்திரியா வாங்கன்னு கவர்னர் இவரைக் கூப்பிட்டார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியார் அந்தப் பதவிக்கு வந்தார். கட்சித் தலைவர் ஒருத்தர் வீடு தேடி வந்த பதவியை வேண்டாம்னு சொன்னதை இன்னிக்கு யாராவது நம்புவாங்களா? அந்த ஆட்சி நடந்த 1921-லதான் சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு முதன்முதலா ஓட்டுரிமை கொடுக்கத் தீர்மானம் போட்டாங்க. சொத்து உள்ள பெண்களுக்கு மட்டும்தான் அது. ஆனாலும் நம்ம பாட்டிமார் காலத்துல அது பெரிய விஷயம்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வர்றேன். 1920-இல் தியாகராயர் மாநகராட்சிக்குத் தலைவரா இருந்தார். அப்போ மேயர்னு சொல்ல மாட்டாங்க, பிரசிடெண்ட்னுதான் சொல்வாங்க. 1933-இல்தான் அந்தப் பதவிக்கு மேயர்னு பெயர் மாற்றினார்கள். வேலை என்னவோ அதேதான்.

ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று இருந்தது. பிள்ளைங்க வரத்து குறைஞ்சுக்கிட்டே போச்சு. காரணம் வறுமை. வயித்துல ஒண்ணும் இல்லாத பிள்ளை எப்படி உட்கார்ந்து படிக்கும்? தியாகராயர் கையில் காசு உள்ளவர். நாலு மூட்டை அரிசியை இறக்கிக் கொடுத்து, தர்மவான்னு பெயர் வாங்கிட்டுப் போயிருக்கலாம். அவர் மன்றத்துக்குக் கொண்டு போனார். 1920 செப்டம்பர் 16-ஆம் தேதி தீர்மானம் நிறைவேறியது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்கணும், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது.

ஒரு அணான்னா இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். ஆக ஒரு ரூபாயில் பதினாறு பிள்ளைகளுக்கு டிபன். நூறு பிள்ளைன்னா ஒரு நாளைக்கு ஆறேகால் ரூபாய். தீர்மான நோட்டில் எழுதிப் பழகின நமக்கு இது நல்லா புரியும். பிள்ளைக்குச் சாப்பாடு போடுவோம்னு பொதுவா எழுதினா எதுவும் நடக்காது. எந்தப் பள்ளி, எவ்வளவு, எதுக்கு மேல போகக் கூடாது, இதெல்லாம் எழுதினாத்தான் அடுத்த நாள் உலை கொதிக்கும்.

நல்லபடியா நடந்ததால் இன்னும் நாலு பள்ளிக்கு விரித்தார்கள். அந்த ஐந்து பள்ளியிலும் சேர்த்து 1922-23-இல் 811 பிள்ளைங்க படிச்சாங்க. 1924-25-இல் 1,671 பேர். ரெண்டே வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல! வாத்தியார் வீடு வீடா போய்க் கூப்பிட்டாலும் இத்தனை பேர் வந்திருக்க மாட்டாங்க.

இவ்வளவும் நடந்தபிறகு, 1925 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு டிபனை நிறுத்திவிட்டார்கள். பிடிக்காமப் போய் நிறுத்தலை. தொடக்கக் கல்விக்குன்னு ஒதுக்கின நிதியிலிருந்து இந்தச் செலவை எடுக்கக் கூடாதுன்னு ஆங்கிலேய அரசாங்கம் சொல்லிவிட்டது. சுழல் நிதியில் எடுத்த பணத்தை வேறு செலவில் எழுதினா தணிக்கைக்கு வர்றவங்க விட மாட்டாங்க, அது நமக்குத் தெரியும். கணக்குன்னா கணக்குதான். ஆனா இந்தத் தலைப்புல எழுத முடியலைன்னா வேறு தலைப்பு ஒண்ணு போட்டுக் கொடுத்திருக்கலாமே. ஆயிரத்து அறுநூறு பிள்ளைங்க அடுத்த நாள் தட்டைத் தூக்கிட்டு வந்து நின்னிருக்குமே. அதைப் படிச்சபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அதே மாதம் 28-ஆம் தேதி தியாகராயர் காலமானார். எழுபத்து மூணு வயசு முடிஞ்சு ஒரே நாள். நகர் விரிந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் மாம்பலம் பக்கம் புதுசா உருவான இடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அடுப்பு அணைஞ்சே போயிடலை. 1956-இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டு வந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவா பெருசாக்கினார். நாம எல்லாம் அந்தச் சோத்தைத் தின்னு வளர்ந்தவங்கதானே. பிறகு 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். தேதியைப் பாருங்க. ஆயிரம் விளக்குத் தீர்மானத்துக்கு நூத்தி ரெண்டு வருஷம் ஆக ஒரு நாள்தான் பாக்கி. இந்தத் தடவை சமைக்கிற வேலையைச் சுய உதவிக் குழுப் பெண்கள் கையில் கொடுத்தார்கள்.

கூட்டமைப்பு மூலமா சென்னைக்குக் கூட்டிட்டுப் போனா, சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினதும் பக்கத்துலயே வெள்ளை வெளேர்னு ஒரு கட்டடம் தெரியும். அதுதான் ரிப்பன் மாளிகை, மாநகராட்சி அலுவலகம். அங்கே தியாகராயர் சிலை இருக்கு. தி.நகர் பஸ்ஸைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போகலாம்.