ஒரே இரவில் மூன்று மரணம்!

திண்டிவனத்தில் ஓர் இரவு. ஸ்கடர் டாக்டரின் பங்களாக் கதவை ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் தட்டினர். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. டாக்டர் வரத் தயார்; ஆண் வைத்தியரை அவர்கள் ஏற்கவில்லை. டாக்டரின் மகளோ மருத்துவம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்!

அந்த மகள்தான் ஐடா ஸ்கடர். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்கா சென்று 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார்.

டாக்டர் மட்டும் போதாது, நர்சும் வேண்டும் என்று 1909-ல் நர்சுப் பயிற்சி ஆரம்பித்தார். கிராமங்களுக்கு வண்டியில் போய்ச் சாலையோர மரத்தடியிலேயே மருந்து கொடுத்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி கண்டார். 1946-ல் நர்சுப் பள்ளி கல்லூரியாயிற்று.

1960-ல் கொடைக்கானலில் காலமானார். அன்றிரவு அனுப்ப ஒரு பெண் இல்லை. இன்றோ வேலூரிலிருந்து புறப்பட்ட பெண்களுக்குக் கணக்கே இல்லை!