தீப்பொறியை ஒழுங்கு செய்தவர்

கொல்லிமலைச் செம்மேட்டில் என் அண்டை வீட்டு மாணவன் வானொலி அலைகளை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியொன்றைத் தானே செய்துகொண்டிருக்கிறான். மாலைக் குளிர் இறங்கியதும் அதன் அலையியற்றியின் அதிர்வெண் நகர்ந்துவிடுகிறது. அவன் சோர்வைக் கண்டபோது ஜகதீச சந்திர போஸ் நினைவுக்கு வந்தார்.

1858-இல் வங்கத்தில் பிறந்த போஸ், கேம்பிரிட்ஜில் பயின்று, 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். ஐரோப்பியருக்கு இணையான ஊதியம் மறுக்கப்பட்டதால், மூன்றாண்டுகள் ஊதியமே பெறாமல் பாடம் நடத்தினார். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையுடன் வந்தது. உழைப்பை நிறுத்தாமலே அதன் விலையை விட்டுக்கொடுக்காத அந்தப் போராட்டம், பொருளியல் கற்பித்த எனக்கு இன்றும் பாடம்.

ஆய்வுக்குக் கிடைத்தது ஒரு சிற்றறை. துணைக்கு ஒரு தகரக் கொல்லர். அங்கேதான் 5 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். தீப்பொறி பட்டு உலோகப் பரப்பு சொரசொரப்பானதும் அலைவு ஒழுங்கு கெட்டது. பரப்பைப் பிளாட்டினத்தால் அமைத்தார். தொடர் பொறிகளுக்குப் பதிலாக ஒற்றைப் பொறியே போதும் எனக் கண்டார். கருவியை உலோகப் பெட்டிக்குள் அடைத்துச் சிதறும் அலைகளைத் தடுத்தார். 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அக்கருவிகளை விளக்கினார். 1917-இல் ஆய்வு நிறுவனம் கண்டு, 1937-இல் மறைந்தார்.

போஸின் சிற்றறையைச் சாக்காகக் காட்டி நம் மலைப் பள்ளிகளுக்கு ஆய்வுக்கூடங்களை மறுப்பது அறமன்று. ஊதியத்தில்கூடக் குறைவை ஏற்காதவர் அவர். மாணவனோ இப்போது அலையியற்றியைத் தகரப் பெட்டிக்குள் அடைத்து, வெப்பநிலையைக் குறித்துவருகிறான்.