யோகான் கிறிஸ்டியன் டால்

யோகான் கிறிஸ்டியன் டால் (பெப்ரவரி 24, 1788 – அக்டோபர் 14, 1857) நோர்வே நாட்டைச் சேர்ந்த ஓர் ஓவியர் ஆவார். புனைவியல் காலத்தின் முதன்மையான நிலத்தோற்ற ஓவியர்களுள் ஒருவரான இவர், நோர்வே நிலத்தோற்ற ஓவியத்தின் தந்தை எனக் கருதப்படுகிறார். எனினும் இவர் தமது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செருமனியின் டிரெஸ்டன் நகரிலேயே கழித்தார்.

இளமை

டால், நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரில் ஓர் எளிய மீனவரின் மகனாகப் பிறந்தார். 1803 முதல் 1809 வரை அந்நகர ஓவியர் ஒருவரிடம் தொழில் பயின்றார். அக்காலத்தில் நோர்வேயில் ஓவியக் கல்விக்கழகம் எதுவும் இருக்கவில்லை. இவரது திறமையைக் கண்ட பேர்கன் நகரத்தார் சிலர் பணம் திரட்டி, 1811 ஆம் ஆண்டில் இவரைக் கோபனேகன் கலைக் கல்விக்கழகத்துக்கு அனுப்பி வைத்தனர். அங்கு 17 ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர்களான ரூயிஸ்டால், எவர்டிங்கன் ஆகியோரின் படைப்புகளை ஆராய்ந்தார். இயற்கையை நேரில் கண்டு வரையும் பழக்கத்தையும் வளர்த்துக் கொண்டார்.

டிரெஸ்டனும் இத்தாலியும்

1818 இல் டிரெஸ்டனுக்குச் சென்ற டால், அங்கே செருமானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக்கின் நண்பரானார். 1820 இல் எமிலி வொன் புளொக் என்பவரை மணந்தார். அவ்வேளையில் டென்மார்க் இளவரசர் கிறிஸ்டியன் பிரெடெரிக், நாப்போலிக்கு வருமாறு இவரை அழைத்திருந்தார். இந்த இளவரசர் 1814 இல் சில மாதங்கள் நோர்வேயின் மன்னராக இருந்தவர். அழைப்பை ஏற்ற டால், திருமணத்துக்கு மறுநாளே மனைவியைப் பிரிந்து இத்தாலிக்குப் புறப்பட்டார்.

1820 டிசம்பரில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, டால் அதன் அருகே சென்று, நெருப்பையும் புகையையும் நேரில் கண்டு வரைந்தார். இவ்வரைவுகளைக் கொண்டு பிற்காலத்தில் பல ஓவியங்களைத் தீட்டினார். 1821 இல் வரையப்பட்ட ஓவியம் கோபனேகனிலுள்ள டென்மார்க் தேசிய கலைக்கூடத்திலும், 1824 இல் வரையப்பட்ட மற்றொன்று நியூயோர்க் பெருநகர கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. எரிமலையின் முன் மனித உருவங்கள் மிகச் சிறியனவாகக் காட்டப்பட்டிருப்பது இவற்றின் சிறப்பாகும்.

டிரெஸ்டனுக்குத் திரும்பிய டால், 1823 முதல் பிரீட்ரிக் வசித்த வீட்டிலேயே குடும்பத்துடன் குடியிருந்தார். 1824 இல் இருவரும் டிரெஸ்டன் கலைக் கல்விக்கழகத்தின் பேராசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். பிரீட்ரிக் இயற்கையைத் தம் சமய உணர்வின் சின்னமாகக் கண்டார். டாலோ முகில், மரம், பாறை ஆகியவற்றைக் கண்ணால் கண்டவாறே பதிவு செய்ய முயன்றார். எனினும் இவர்களது நட்பு நீடித்தது. தோமஸ் பேர்ன்லி, பேடர் பால்கே முதலிய நோர்வே ஓவியர்கள் டாலிடம் பயின்றனர்.

குடும்பத் துயரங்கள்

1827 இல் நான்காவது குழந்தையின் பிறப்பின்போது எமிலி இறந்தார். 1829 இல் மூத்த பிள்ளைகள் இருவர் செங்காய்ச்சலால் இறந்தனர். 1830 சனவரியில் தமது மாணவியான அமாலி வொன் பாசவிட்சை டால் மணந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவரும் பிள்ளைப்பேற்றின்போது இறந்தார். டாலின் பிள்ளைகளுள் கரோலின், சீக்வால்ட் ஆகிய இருவரே வளர்ந்து பெரியவர்களாயினர். அவர்களுள் சீக்வால்டும் ஓவியரானார்.

தாயகப் பணிகள்

டால் 1826, 1834, 1839, 1844, 1850 ஆகிய ஆண்டுகளில் நோர்வேக்குப் பயணம் செய்து மலைகளையும் கடல்நீரேரிகளையும் வரைந்தார். சொங்னே கடல்நீரேரியின் குளிர்காலம் (1827), ஸ்டால்கைம் காட்சி (1842), புயலில் பேர்ச் மரம் (1849) என்பன இவ்வகையில் புகழ்பெற்றவை.

இப்பயணங்களின்போது, நடுக்காலத்தைச் சேர்ந்த மரத்தூண் தேவாலயங்கள் இடிக்கப்படுவதைக் கண்டு வருந்திய டால், அவற்றைப் பற்றி 1837 இல் படங்களுடன் கூடிய நூல் ஒன்றை வெளியிட்டார். வாங் என்னும் ஊரின் தேவாலயம் அழிய இருந்தபோது, 1841 இல் அதனை விலைக்கு வாங்கிக் காப்பாற்ற முன்வந்தார். நோர்வேயிலேயே அதனை வைத்திருக்க வழி கிடைக்கவில்லை. ஆகவே, புரூசிய மன்னர் நான்காம் பிரீட்ரிக் வில்லியமின் உதவியுடன் அது சைலீசியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டது. இன்று போலந்தின் கார்ப்பாச் நகரில் அது உள்ளது. 1844 இல் நோர்வேயின் தொல்சின்னப் பாதுகாப்புச் சங்கம் உருவாகவும், அதற்கு முன் அந்நாட்டுத் தேசிய கலைக்கூடம் அமையவும் டால் முக்கிய காரணமாக இருந்தார்.

மறைவு

டால் 1857 இல் டிரெஸ்டனில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1934 இல் இவரது உடல் எச்சங்கள் பேர்கனுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறந்த ஊரிலேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.